எட்டு மணி நேரமும் எஞ்சிய பொழுதும்



"நேரம் போதவில்லை" என்னும் முறைப்பாடு இன்று நம்மிடையே யாவர்க்கும் பொதுவாகிவிட்டது. கந்தோரிலே கோவைகளுக்கிடையில் அமர்ந்திருக்கும் லிகிதர் அதனைக் கூறுகின்றார். மாணவரின் அப்பியாசக் கொப்பிகளை வீட்டுக்குச் சுமந்து வரும் ஆசிரியை கூறுகின்றார். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன் கூறுகின்றான். கடை நடத்துபவர் கூறுகின்றார். அவர் கடையைப் பூட்டி வரும்வரை சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கும் மனைவியோ, அதனைக் கூறுவதற்கும் நேரமின்றி இருக்கின்றார்.

நோய் பொதுவாயிருப்பது போலவே, அதற்கு நாம் உட்கொள்ளும் மருந்தும் பொதுவாயிருக்கின்றது. காலையில் ஒரு மணி முன்னதாக எழுதல். இரவில் ஒரு மணி பிந்திப் படுத்தல். ஞாயிற்றுக்கிழமையையும் வேலை நாளாக்கிக் கொள்ளல். சுருங்கக் கூறின், வேலை முடியவில்லையாயின் வேலை நேரத்தைக் கூட்டுதல். இம்மருந்து பலன் தருகின்றதா என்பதே இன்றைய பேச்சின் விடயம். எவ்வளவு தூரத்துக்குப் பலன் தரும், எவ்விடத்தில் நஞ்சாகும், அந்த நஞ்சை உண்பவர் யாவர் என்பவற்றையும் சிறிது ஆராய்வோம்.

முன்னதாக எழும் மருந்தை ஒரு நாடே உட்கொண்ட கதையை நம்முட் பலர் மறந்திருக்கமாட்டார். 1996ஆம் ஆண்டு, வரட்சியினால் மின்சாரம் குறைந்தபோது, இலங்கையின் கடிகாரங்கள் மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரைமணி திருப்பித் தரப்பட்டது. எஞ்சிய அரைமணி 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டையொட்டித்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிற் பழைய நேரமே வழங்கியமையால், ஒரே தீவில் இரண்டு நேரம் இருந்தது. கடிகாரம் நகர்ந்ததேயன்றிச் சூரியன் நகரவில்லை. பிள்ளைகளை இருளிலே எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்பிய தாய்மார், நேரம் கூடிற்று என்று மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

காலத்தை அளத்தல் நமக்குப் புதியதன்று. பகலும் இரவும் கூடிய நாளைத் தமிழர் 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். சிறு துளையுள்ள பாத்திரத்தில் நீரைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்தோரைச் சங்க நூலாகிய முல்லைப்பாட்டிலே காண்கின்றோம். ஆயின் உழவனும் வலைஞனும் அவர்களைக் கேட்டா வேலைக்குப் போயினர்? வெயில் ஏறியதும் ஏர் நின்றது. காற்று மாறியதும் வள்ளம் கரை சேர்ந்தது. நிறுத்து என்று கூறுவதற்கு வெயிலும் மழையும் இருளும் இருந்தன. மின்விளக்கும் ஆலைச் சங்கும் வந்த பின்னர், தொடங்கு என்று கூறுவோர் பலராயினர். நிறுத்து என்று கூற எவருமிலர்.

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஐரோப்பிய ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி, 14 மணி வேலை செய்தல் வழக்கமாயிருந்தது. 1856ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துக் கற்றச்சர்கள் எட்டு மணி நேர வேலைநாளைக் கேட்டுப் பெற்றனர். அவர்களைப் பின்பற்றி உலகெங்கும் அக்கோரிக்கை எழுந்தபோது, முதலாளிமார் கூறிய மறுமொழி எளிய கணக்கு: மணி குறைந்தாற் பொருள் குறையும். ஒன்பது மணியில் ஒன்பது பங்கு செய்பவன் எட்டு மணியில் எட்டுப் பங்குதானே செய்வான்?

இக்கணக்கைச் சோதித்துப் பார்த்தவர் ஒரு விஞ்ஞானி. நுணுக்குக்காட்டிகளுக்குப் பெயர் பெற்ற ஜேர்மனியின் யேனா நகரத்துத் சைஸ் தொழிற்சாலையை நடத்திய எர்ன்ஸ்ட் அபே, 1900ஆம் ஆண்டில் வேலை நாளை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெற்ற 233 தொழிலாளரின் முந்திய ஆண்டுக் கணக்கையும் பிந்திய ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். மணியொன்றுக்கு அவர்கள் செய்த வேலை ஏறத்தாழ 16 சதவீதம் உயர்ந்திருந்தது. அதாவது எட்டு மணியில் அவர்கள் முன்னர் ஒன்பது மணியிற் செய்ததற்குக் குறையாமல், சற்றுக் கூடுதலாகவே செய்திருந்தனர்.

இதற்கு அபே கூறிய விளக்கம் இன்றும் சிந்திக்கத்தக்கது. ஓர் இயந்திரம் எதனையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றாலும் எரிபொருளை உண்கின்றது. மனிதனும் அவ்வாறே. வேலைத்தலத்தில் நிற்றல், இரைச்சலைச் சகித்தல், கவனத்தை விழிப்பாக வைத்திருத்தல் ஆகியவையே ஒரு பங்கு வலிமையைக் குடித்துவிடுகின்றன. ஆகவே நேரத்தை நீட்டுந்தோறும் வேலைக்குப் பயன்படாத செலவும் நீளுகின்றது. அன்றன்றைய களைப்பு அன்றன்றே தீராவிடில், மிச்சம் மறுநாளுக்குச் செல்லும். கடனுக்கு வட்டி சேர்வது போலச் சேரும்.

பதினைந்து ஆண்டுகளின் பின்னர், விரும்பாமலே ஒரு பெரும் பரிசோதனை நிகழ்ந்தது. முதலாம் உலகப் போரின்போது, பிரித்தானியாவில் எறிகணைகளும் அவற்றின் உறுப்புகளும் ஆக்கும் தொழிற்சாலைகளிற் பெண்கள் திரள் திரளாக வேலைக்கமர்ந்தனர். போர்முனையில் எறிகணை போதவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் வேலை, இரவிலும் வேலை. கூட்டிய நேரத்துக்கு ஏற்பப் பொருள் கூடாமையைக் கண்டு, போர்த்தளபாட அமைச்சராயிருந்த லொயிட் ஜோர்ஜ் 1915ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய ஒரு குழுவை நியமித்தார். அக்குழுவின் முன் மேற்பார்வையாளர் சிலர் தெரிவித்த கருத்து சுவையானது: ஞாயிறு வேலையினால் ஏழு நாள் உழைப்பும் எட்டு நாட் கூலியும் செலவாகின்றன, கிடைப்பதோ ஆறு நாட் பொருளே.

அக்குழுவினர் திரட்டிய கணக்குகளை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் ஜோன் பென்கவெல் மீண்டும் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டார். வாரத்தில் ஏறத்தாழ 49 மணி வரையில், நேரம் கூடக் கூட ஆக்கிய பொருளும் அதே வீதத்திற் கூடிற்று. அதன்பின் கூடும் வீதம் தளர்ந்தது. வாரம் 70 மணி வேலை செய்தவர் ஆக்கிய பொருள், 56 மணி வேலை செய்தவர் ஆக்கியதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. எஞ்சிய 14 மணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் ஏழு நாளும், கடைசல் இயந்திரத்தின் முன் நின்று, வீட்டை மறந்து, உறக்கத்தைக் கெடுத்து உழைத்த உழைப்பு அது. அது எங்கே போயிற்று? எறிகணையாகவும் ஆகவில்லை, ஓய்வாகவும் ஆகவில்லை.

"அது கையால் உழைப்பவர் கதை; நான் மேசையில் இருந்து எழுதுபவன்" என்று ஒருவர் கூறலாம். நியாயமான கேள்வியே. கடைசற்காரியின் களைப்பைக் கணக்கிட எறிகணை உறுப்புகளை எண்ணினாற் போதும். எழுத்து வேலை செய்பவரின் களைப்பை எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அதனாலேயே அது அதிக ஆபத்தானது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஒரு பரிசோதனையைக் கூறுகின்றேன். நல்ல உடல்நலமுடையோரை இரண்டு வாரம் தொடர்ந்து நாளொன்றுக்கு ஆறு மணியோ அதற்குக் குறைவாகவோ உறங்கச் செய்தனர். இரண்டு வாரத்தின் முடிவில் அவர்களின் கவனமும் நினைவும், ஒன்றிரண்டு இரவுகள் கண்மூடாதிருந்தவரின் நிலைக்குத் தாழ்ந்திருந்தன. வியப்பு அதுவன்று. தாம் தாழ்ந்திருப்பதை அவர்கள் பெரும்பாலும் உணரவில்லை என்பதே வியப்பு. சில நாட்களில் பழகிவிட்டது என்றே அவர்கள் எண்ணினர்.

பரீட்சைக்காலத்தில் இரவு ஒரு மணிவரை தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். பிள்ளை புத்தகத்தின் முன் இருக்கின்றான் என்பது கண்ணுக்குத் தெரிகின்றது. படித்தது தங்குகின்றதா என்பது, ஐயோ, பெறுபேறு வரும்வரை தெரிவதில்லை. வளர்ந்தவர்க்கோ இழப்பு பெறுபேற்றோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்வோர்க்கு, 35 முதல் 40 மணி வேலை செய்வோரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம்.

நேரத்தைக் கூட்டுவதில் இன்னொரு விந்தையும் உண்டு. கூட்டிய நேரத்தை வேலை தானே வீங்கி நிரப்பிக்கொள்ளும். இதனை நகைச்சுவையாக எழுதிப் புகழ் பெற்றவர் நோர்த்கோட் பாக்கின்சன். சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த அவர், 1955ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் எக்கொனமிஸ்ட் இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். பொழுது நிறைய உள்ள ஒரு மூதாட்டி தன் மருமகளுக்கு ஒரு தபாலட்டை எழுதுவதற்கே ஒரு முழு நாளையும் செலவிடுவாள். வேலையுள்ளவன் அதனைச் சில நிமிடங்களில் முடிப்பான் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. அதனோடு பிரித்தானியக் கடற்படைக் கணக்கையும் தந்தார். 1914இற் சேவையிலிருந்த பெரும் போர்க்கப்பல்கள் 62. 1928இல் அவை 20ஆகக் குறைந்தன. அதே காலத்தில் தலைமை அலுவலக உத்தியோகத்தரோ 2,000 பேரிலிருந்து 3,569 பேராயினர். கப்பல் குறையக் கடிதம் பெருகிற்று! நம் கந்தோர்களைப் பற்றி ஈண்டு நான் ஒன்றும் கூறப்போவதில்லை. நேயர்கள் நானறியாததையும் அறிவர்.

இதிலிருந்து நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலோர் காலையில் எழுந்ததும் எப்போது தொடங்குவது என்று திட்டமிடுகின்றனர். எப்போது நிறுத்துவது என்று திட்டமிடுவார் அரியர். நிறுத்தும் நேரத்தை முதலிற் குறித்துக்கொண்டவனுக்கு, எதனை விடுவது என்னும் கேள்வி காலை எட்டு மணிக்கே எழுந்துவிடும். குறிக்காதவனுக்கு அது இரவு எட்டு மணிக்கு எழும். அப்போது அவன் விடுவது பெரும்பாலும் வீட்டுக்குரியதாகவே இருக்கும்.

ஆயினும் நிறுத்தும் நேரத்தைக் குறிப்பதற்கு, வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? இங்கேதான் மனிதர் யாவரும் ஒருமுகமாகத் தவறுகின்றனர். தீபாவளிக்கு முதல் வாரத்திற் தையற்காரர் கூறும் நாளையும், வீடு கட்டும் மேசன் கூறும் நாளையும் நாம் அறிவோம். அவர்கள் பொய்யர் என்று கருதுதல் நியாயமன்று. 1994ஆம் ஆண்டிற் கனடிய உளநூல் ஆய்வாளர் மூவர், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதும் மாணவரிடம், எத்தனை நாளில் முடிப்பீர் என வினவினர். மாணவர் கூறிய நாட்களின் சராசரி ஏறக்குறைய 34. எல்லாமே கெட்டுத் தடைப்பட்டால் எத்தனை நாளாகும் என்று கேட்டபோது 49 நாள் வரையில் என்றனர். உண்மையிற் சராசரியாக 55 நாட்களுக்கு மேற் சென்றன. தீய சகுனமெல்லாம் சேர்ந்தாலும் ஆகும் என்று கூறிய நாளையும் உண்மை தாண்டிவிட்டது.

காரணம் யாதெனில், வேலையை நினைக்கும்போது நாம் வேலையை மட்டுமே நினைக்கின்றோம். இடையில் வரும் காய்ச்சல், மின்வெட்டு, ஒரு மரணவீடு, வராத பஸ் வண்டி ஆகியவற்றுக்கு மனத்தில் இடம் வைப்பதில்லை. இதற்குப் பரிகாரம் ஊகத்தை விட்டுப் பழைய கணக்கைப் பார்த்தல். சென்ற தவணையில் ஒரு வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்த எத்தனை மாலைகள் சென்றன? சென்ற ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு எத்தனை நாள்? ஒரு சிறு கொப்பியில் இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால், நமது நாளில் நாம் நினைத்த வேலைகளில் மூன்றிலொன்றுக்கு இடமில்லை என்பது வெளிப்படும் என்று நான் துணிந்து கூறுவேன். அது வெளிப்படுதல் வருத்தந் தரும். எனினும் "இந்த வெள்ளிக்கு முடியாது, அடுத்த புதனுக்கு முடியும்" என்று மேலதிகாரியிடம் உரிய காலத்திற் கூறுவதற்கு, அந்தக் கொப்பியைவிட நல்ல சாட்சி இல்லை.

இனிக் கவனம். நேரம் இருந்தும் வேலை நகராமைக்குப் பெருங்காரணம் அதனைத் துண்டு துண்டாக வெட்டுதலே. ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முன்னைய வேலையிலேயே தங்கிவிடுகின்றது என்று 2009ஆம் ஆண்டில் சோஃபி லெரோய் என்னும் ஆய்வாளர் காட்டினார். பாத்திரத்தைக் கழுவாமல் அடுத்த கறியைச் சமைப்பது போன்றது இது. முன்னைய கறியின் வாடை அதிலும் இருக்கும். கைத்தொலைபேசி ஒலிக்குந்தோறும் நாம் ஒருமுறை தாவுகின்றோம்.

1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர், படிப்பிற் கவனம் நிலையாமையைக் கண்டு, தக்காளிப்பழ வடிவிலமைந்த சமையலறை மணிகாட்டி ஒன்றை முடுக்கி வைத்து, அது ஒலிக்கும்வரை ஒன்றையே படிப்பது என்று பழகினார். அவர் ஈற்றில் நிலைநிறுத்திய அளவு 25 நிமிடம். அதன்பின் ஐந்து நிமிட ஓய்வு. அம்முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. 25 நிமிடம் என்பது நமது நாழிகைக்கு ஒரு நிமிடமே கூடுதல் என்பதை நினைக்க எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. இது தற்செயலே, இதை வைத்து நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்ட வேண்டியதில்லை. ஆயினும் மணிகாட்டி வாங்கவேண்டிய தேவையும் இல்லை. தொலைபேசியை அடுத்த அறையில் வைத்து, ஒரு நாழிகை ஒரு வேலை என்று இருந்து பார்க்கலாம். காலைப்பொழுதில் அவ்வாறு நான்கு நாழிகை கிடைப்பவர் பேறு பெற்றவர்.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த வேலி அண்மைக்காலத்தில் பெரிதும் சாய்ந்துவிட்டது. முன்னர் கந்தோர்க் கோவையை வீட்டுக்குக் கொண்டுவருதல் அரிது. இன்று கந்தோர் முழுவதும் சட்டைப்பையில் இருக்கின்றது. இவ்வேலியை மீள நாட்ட முயன்றோரும் உளர். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் மோட்டார் நிறுவனம், வேலை முடிந்து அரைமணியின் பின் ஒரு பகுதி ஊழியரின் கைத்தொலைபேசிகளுக்கு அலுவலக மின்னஞ்சல் செல்லாதவாறு 2011ஆம் ஆண்டில் நிறுத்தியது. பிரான்சில், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் இடம்பெற்றது. நம் நாட்டிலும் ஒரு வேலி நெடுங்காலமாக உண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்தது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையையும், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலியையும் விதித்தது. அந்த 45 மணி, பென்கவெல் கண்ட 49 மணிக்குள் அடங்குவதைக் கவனியுங்கள். இச்சட்டத்தால் தமக்கு உரியது யாதென்று அறியாத கடைச் சிப்பந்திகள் இன்றும் பலர்.

ஓய்வுநாள் எவருக்கும் தனித்திருந்து பயன்படுவதன்று என்பதற்கும் நம் நாட்டு வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறன்று. சந்திரனின் நான்கு நிலைகளுக்கேற்ற போயா நாளே விடுமுறை. சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளாகையால், ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள். திங்கள் செவ்வாய் என்னும் பெயர்கள் இருந்தும், அவற்றைக் கொண்டு விடுமுறையை அறிய முடியாது, நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். வெளிநாட்டு வணிகர் வேலை செய்யும் நாளில் கொழும்பு மூடியிருக்கும்; கொழும்பு திறந்திருக்கும் நாளில் அவர்கள் மூடியிருப்பர். சமயப் பற்றினால் எழுந்த அம்மாற்றத்தின் நியாயத்தை இங்கு ஆராயவில்லை. உலகத்தார் ஓயும் நாளில் ஓயாதவன் எத்துணை இடர்ப்படுவான் என்பதை ஐந்தாண்டு அனுபவம் காட்டிற்று. கணவனுக்குச் செவ்வாய், மனைவிக்கு ஞாயிறு, பிள்ளைக்குத் தனியார் வகுப்பில்லாத ஏதோ ஒரு மாலை என்று ஓய்வு சிதறியிருக்கும் வீடுகளில், அவ்விடர் இன்றும் இருக்கின்றது.

இதுவரை கூறியவை யாவும், தன் நேரத்தைத் தானே ஓரளவு ஆளக்கூடியவர்க்கு உரியன. இனிக் கூறப்போவதே எனக்கு முக்கியமாகப் படுகின்றது. ஒருவர் கூட்டிய நேரத்தின் விலையைப் பெரும்பாலும் இன்னொருவர் கொடுக்கின்றார். கணவர் இரவு ஒன்பது மணிவரை கந்தோரில் இருப்பாராயின், பிள்ளைக்குப் பாடஞ் சொல்லல், மாமியாருக்கு மருந்து கொடுத்தல், நாளைக்குத் தண்ணீர் நிரப்பி வைத்தல் ஆகியவை எவருடைய கணக்கிற் சேருகின்றன? மனைவியும் வேலைக்குச் செல்பவராயின், அவர் ஒரு வேலை முடித்து வந்து இரண்டாவது வேலையைத் தொடங்குகின்றார்.

இயந்திரங்கள் வந்தாற் பெண்களின் சுமை குறையும் என்று பலரும் எண்ணினர். அமெரிக்காவில் ஜோன் வானெக் என்பவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசி 1920களில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி வீட்டு வேலை செய்தார். சலவை இயந்திரமும் குளிர்ப்பெட்டியும் பெருகிய 1960களில் அவர் செய்தது 55 மணி. துணி வெளுத்தல் எளிதாயிற்று. ஆகவே துணி அடிக்கடி வெளுக்கப்பட்டது. பாக்கின்சன் கந்தோரிற் கண்டதை வானெக் சமையலறையிற் கண்டார். ஒரு வேறுபாடு: கந்தோரில் வீங்கிய வேலைக்குச் சம்பளம் உண்டு. நம் நாட்டிலும் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017ஆம் ஆண்டில் முதன்முறையாக நாடளாவிய நேரப் பயன்பாட்டு அளவீட்டை நடத்தியது. அடுப்படியிற் சென்ற மணிகள் அரசாங்கத்தின் அட்டவணையில் ஏறுவதற்கு அத்துணைக் காலம் பிடித்தது.

மலைநாட்டுத் தோட்டத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் அவர் அடுப்பு மூட்டி, காலை உணவையும் பகலுணவையும் ஆக்கி, சிறு பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடவேண்டும். மலையில் அவரது நேரத்தை ஆள்வது கொழுந்து நிறுக்கும் தராசு. மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் விறகும் தண்ணீரும் காத்திருக்கின்றன. இவரிடம் சென்று நாட்குறிப்பு எழுதுமாறும், நாழிகைக்கு ஒரு வேலை செய்யுமாறும் உபதேசித்தல் அறியாமை. அவருக்கு வேண்டுவது வாசலுக்கு வரும் தண்ணீர்க்குழாய்; நல்ல பிள்ளைப் பராமரிப்பு; வீட்டிலுள்ள ஆண்மகனின் இரண்டு கைகள். 1918ஆம் ஆண்டில் சென்னைப் பெரம்பூரிலே தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளரை வருத்திய குறைகளுள் ஒன்று பகலுணவு இடைவேளை போதாமை. உண்பதற்குப் போதிய நேரமில்லாதவன் அதனைத் தன் சாமர்த்தியத்தால் உண்டாக்க முடியவில்லை; கூடிக் கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது.

ஆகவே நேரத்தைத் திட்டமிடல் ஒருவர் தனித்திருந்து செய்யும் காரியம் அன்று. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை பலருக்கும் பொருந்தும், வீட்டார் யாவரும் கால்மணி நேரம் கூடி அமரலாம். முன்னர்க் கூறிய கொப்பியை அங்கே விரிக்கலாம். கந்தோரிற் கணக்கு முடிப்பு வாரமாயின் அதனைக் கணவர் அன்றே சொல்லட்டும். மனைவிக்குப் பாடசாலையில் விளையாட்டுப் போட்டியாயின் அதனை அவர் சொல்லட்டும். பத்து வயதான பிள்ளை தன் சீருடையைத் தானே மடித்து வைக்க வல்லது; பதினைந்து வயதான ஆண் பிள்ளை சோறு வடிக்க வல்லவன். இதனைக் கேட்டுச் சில பாட்டிமார் முகஞ் சுளிப்பர் என்பது எனக்குத் தெரியும்.

அக்கொப்பியின் முதற் பக்கத்தில் வேலைகளின் பட்டியலை எழுதவேண்டாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, அதன் எதிரே அவர் இரவு எத்தனை மணிக்குப் படுக்கின்றார், காலை எத்தனை மணிக்கு எழுகின்றார் என்று மட்டும் குறியுங்கள். பல வீடுகளில் ஒரு பெயருக்கு எதிரே மிகக் குறைந்த எண் இருக்கும். அது யாருடைய பெயர் என்பதை நேயர்கள் எழுதிப் பார்க்காமலே அறிவர். அந்த எண் ஏழுக்கு வரும்வரை, அவர் கையிலிருக்கும் வேலைகளுள் எதனை யார் எடுத்துக்கொள்வது, எதனை எவருமே செய்யாமல் விட்டுவிடுவது என்பதை அன்றைக்கே அவர் முன்னிலையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.